விருந்துக்குப் போன கரடு

எங்கள் ஊர்க் கரடு ஒருமுறை விருந்துக்குப் போய்விட்டு வந்தது. போனதும் நிஜம், வந்ததும் நிஜம், நடுவில் நாங்கள் பட்ட பாடும் நிஜம். நம்பாதவர்கள் சுனைக்காட்டுக்கு வந்து என் கடையில் ஒரு டீயைக் குடித்தபடி தலையைத் தூக்கிப் பார்க்கலாம். முன்பெல்லாம் மேற்கே முகம் வைத்து உட்கார்ந்திருந்த பெரியகரடு இப்போது கிழக்கே முகம் வைத்து உட்கார்ந்திருக்கும். டீக்குக் காசு வேண்டாம். நம்பினால் போதும்.

பெயர்தான் பெரியகரடு. பழனி மலையின் இந்தச் சரிவில் இருக்கிற குன்றுகளிலேயே சின்னது அதுதான். வீட்டில் கடைக்குட்டியைப் பெரியவரே என்று கூப்பிடுவதுபோல் யாரோ ஆசையாக வைத்த பெயராக இருக்கும். அதன் இடுப்பில் ஒரு சுனை. அந்தச் சுனையிலிருந்து கறுப்பு ஓஸ் போட்டுத்தான் ஊருக்குக் குடிதண்ணீர், அவரைக்கும் பீன்ஸுக்கும் பாசனம், என் கடைக்கு டீத்தண்ணீர். மதியத்துக்கு மேல் அதன் நிழல் மெல்ல இறங்கி என் கடை பெஞ்சுவரை வரும். இவ்வளவும் செய்கிற கரட்டை வெளியூர்க்காரர் யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. காரை நிறுத்துவார்கள், பின்னால் நிற்கிற உயரமான மலைகளைப் படம் எடுக்கப் போனைத் தூக்குவார்கள், "ச்சே, இது மறைக்குதே" என்று சொல்லிவிட்டு நாலடி நகர்ந்து நிற்பார்கள். அது கரட்டின் காதில் விழும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் விருந்துக்குக் கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தடவை கூப்பிட்டால் அது வாய் உபசாரம், சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாம் தடவை கூப்பிட்டால் அது ஆசை, யோசிக்கலாம். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால் கிளம்பிவிட வேண்டும். அடுப்பில் உலை இருந்தாலும், வயலில் ஆள் இருந்தாலும், கிளம்பாமல் இருப்பது கூப்பிட்டவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். இதனால் எங்கள் ஆட்கள் மூன்றாம் தடவை கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

மங்கையர்க்கரசிக்கு இது எதுவும் தெரியாது. அவர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், மேடு எங்கே என்று கேட்டால் ரோட்டில் இருக்கிற வேகத்தடையைக் காட்டுகிற ஊரிலிருந்து வந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்க்கரைக்காரர்கள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவார். அந்த ஊரில் அவர் ஊசி குத்தாத கையே இல்லை. குத்தி முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அவர்கள் கொடுக்கிற காப்பியையோ தண்ணீரையோ குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "ஒரு நாளைக்கு நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க, வரணும், கண்டிப்பா வரணும்" என்று தன் அம்மா சொல்லிக் கொடுத்தபடி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் வாசலிறங்குவார். வர்றோம், வர்றோம் என்பார்கள். யாரும் வந்ததில்லை. காலங்காத்தாலே ஊசியோடு வந்து நிற்பவரின் வீட்டுக்குப் போக யாருக்குத்தான் கால் எழும்? விருந்தாளிகளுக்கென்று அவர் ஆசையாக வாங்கி வைத்த எவர்சில்வர் தட்டுகள் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படாமல் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன.

அப்படிப்பட்டவர் ஒருநாள் போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். மலைமேல் ஐந்து நாள் சைக்கிள் பயணம், வழிகாட்டி உண்டு, சாப்பாடும் கூடாரமும் உண்டு, தனியாக வருபவர்களும் வரலாம். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். தனியாக வருபவர்களும் வரலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் கிளம்பினாராம்.

மலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மற்றவர்கள் எல்லாம் ஜோடியாகவும் கூட்டாளிகளாகவும் வந்திருந்தார்கள் என்று. கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று, சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். அதில் நிரஞ்சன் என்கிற பிள்ளையின் கைக்கடிகாரம் எவ்வளவு உயரம் ஏறினோம் என்று சொல்லும், நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று சொல்லும், டைம் மட்டும் கேட்டால்தான் சொல்லும். வழிகாட்டி பிரிட்டோ, திண்டுக்கல்லுக்காரன், முன்னால் போவான். பின்னால் மூட்டை முடிச்சும் அடுப்பும் ஏற்றிய ஜீப்பில் காதர் மைதீன் வருவார். அவர்தான் சமையலும்.

பிரிட்டோவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் எல்லாரும் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருத்தரும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி ஆள் எப்போதும் மங்கையர்க்கரசிதான். கியர் என்பதே அவருக்குப் புதுசு. சமவெளியில் மிதித்த கால் மேட்டைக் கண்டதும் விக்கித்து நின்றது. மூச்சு வாங்க உச்சிக்கு வந்து பார்த்தால், நாக்கு வறண்டு போன பிள்ளைகள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தனக்காக நிற்கிறார்கள். அவருக்காக அதுவரை டவுன் பஸ்கூட நின்றதில்லை. வெட்கமாகவும் இருந்தது, கண்ணில் நீர் முட்டும் அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

"அக்கா, மலையோட சண்ட போடாதீங்க" என்றான் பிரிட்டோ. "சின்ன கியர்ல போட்டுட்டு, மூச்சு வாங்காத அளவுக்கு, பேசிக்கிட்டே மிதிங்க."

"யார்கிட்ட தம்பி பேசறது? நீங்கள்லாம் முன்னாடி போயிடுறீங்களே."

"யார்கிட்டயாவது பேசுங்கக்கா."

அவர் மலையிடம் பேச ஆரம்பித்தார். அன்று முழுக்க ஏறும் மேட்டிலெல்லாம் தன் ஊரைப் பற்றி, வாய்க்காலைப் பற்றி, நரம்பு கிடைக்காத கைகளைப் பற்றி, ராத்திரி ஒற்றை ஆளுக்கு உலை வைக்கச் சோம்பலாகி மோர்சாதத்தோடு முடித்துக்கொள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே மிதித்தார். மலைகள் பதில் பேசவில்லை, ஆனால் நடுவில் எழுந்தும் போகவில்லை. அப்படி முழுசாகக் கேட்டவர்களை அவர் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் பெரியகரட்டைச் சுற்றி வருகிற பாதையில் அவருடைய சைக்கிள் செயின் கழன்றது. காதர் மைதீனின் ஜீப் பின்னால் எங்கோ ஒரு வளைவில் மாட்டுக் கூட்டத்தில் மாட்டியிருந்தது. மங்கையர்க்கரசி சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரட்டின் நிழலில் உட்கார்ந்தார். கையெட்டுகிற தூரத்தில் சுனை. அள்ளிக் குடித்தார், முகம் கழுவினார், முதுகைப் பாறையில் சாய்த்தார். வெயிலில் கொதித்த உடம்புக்குப் பாறை ஜில்லென்றிருந்தது. நிழல் வெயிலோடு சேர்ந்து நகர்ந்து போகாமல் அவர் எழுந்திருக்கும்வரை அவர்மேலேயே இருந்ததாம். செயினை மாட்டி, கிளம்பும்போது, தண்ணீர் கொடுத்த வீட்டைக் கூப்பிடாமல் போகக் கூடாதே என்று சுற்றிலும் பார்த்தார். வீடு இல்லை, ஆள் இல்லை. கரடு மட்டும் இருந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று பாறையைத் தொட்டுச் சொன்னார். "ஒரு நாளைக்கு நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க. வரணும் நீங்க. கண்டிப்பா வரணும்."

இதைக் கேட்டது கரடும், உச்சியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மாவும்தான். ஒச்சம்மா அன்றைக்குச் சாயங்காலமே என் கடைக்கு வந்து, "ஒரு அம்மா நம்ம கரட்ட விருந்துக்குக் கூப்புட்டுட்டுப் போகுதுண்ணே, அதுவும் மூணு தடவ" என்றாள். கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து ஓஸைத் திருகினால் தண்ணீர் வரவில்லை. அடைத்துக்கொண்டதோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். கரடு இருந்த இடத்தில் வானம் இருந்தது. கீழே, பல் பிடுங்கிய ஈறுபோல், ஈரமான செம்மண். ஓஸ் அறுந்து, பாதிக்குமேல் கரட்டோடு வால்போல் இழுபட்டுப் போயிருந்த தடம், சைக்கிள் டயர்த் தடங்களின் பின்னாலேயே போயிருந்தது. ஊர் கூடிவிட்டது. யாரும் அலறவில்லை. எப்படிப் போனது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், போயிருக்கிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது?

"போனது சரி" என்றாள் ஒச்சம்மா. "வெறுங்கையோடல்லவா போயிருக்கு!"

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. எங்கள் கரடு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறது, கையில் ஒரு சீப்பு பழம்கூட இல்லாமல். சுனைக்காட்டுக்காரர்களுக்கு முறை தெரியாது என்றல்லவா பேசுவார்கள்! என்ன கொண்டுபோவது என்பதில்தான் சண்டை வந்தது. பீன்ஸ் மூட்டை என்றார் ஒருவர், கீழ்நாட்டில் அதுதான் மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கிறதே என்றார் இன்னொருவர், மலைவாழைத் தார் என்றார்கள், காப்பிக்கொட்டை என்றார்கள், சென்ற வருஷம் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த தேன் புளித்துப் போன கதையை வேறு எடுத்துப் போட்டு இரண்டு வீட்டார் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தாம்பாளங்களில் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவர்கள்போல் கிளம்பினோம். ஒச்சம்மா தாம்பாளம் தூக்கவில்லை. "பட்டி போட்ட என் ஆடெல்லாம் அது தலையில நிக்குது, நான் வெரசாப் போறேன்" என்று முன்னால் நடந்துவிட்டாள்.

கரடு நகர்வதை யாரும் பார்த்ததில்லை, நகர்ந்திருந்ததைத்தான் பார்த்தார்கள். முதலில் கண்டவர் காதர் மைதீன். ஜீப்பின் கண்ணாடியில் பின்னால் ரோடு தெரிய வேண்டிய இடத்தில் பாறையும் புல்லும் நாலைந்து ஆட்டுத் தலைகளும் தெரிந்தன. வண்டியை நிறுத்தி இறங்கி, மேட்டு உச்சியில் நின்ற பிரிட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"பிரிட்டோ! நம்ம பின்னாடி ஒரு மலை வருதுப்பா!"

"நம்ம கூடவா பாய் வருது?"

"அந்த அம்மா பின்னாடிதான் வருது."

பிரிட்டோ கொஞ்சம் யோசித்தான். பிறகு, தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போன நிரஞ்சனைப் பார்த்து, "மூடுங்க. கடைசி ஆள் இன்னும் வரல" என்றான்.

அன்றிலிருந்து மங்கையர்க்கரசி கடைசி ஆள் இல்லை. அவரும் உச்சியில் நின்று, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்குப் பின்னால் வருகிறவருக்காகக் காத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். தனக்காக ஒருத்தர் நிற்பது ஒரு சுகம் என்றால், நாம் நின்று ஒருத்தர் வருவது அதைவிடப் பெரிய சுகமாம். இறங்குகிற பாதையில்கூட நிரஞ்சனின் கடிகாரம் ஏறுகிறோம் ஏறுகிறோம் என்று கணக்குச் சொல்லிக் குழம்பியது. அவன் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, டைமை வெயிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே மலைப் பஸ் வந்தது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பஸ் ஏறுகிறது, கரடு இறங்குகிறது, ஆகவே கரடுதான் ஒதுங்க வேண்டும் என்றார் டிரைவர். ஏற்றம் என்பதே அதுதானே ஐயா, அதற்குப் போய் ஏற்றம் இறக்கம் பார்க்கலாமா என்றார் கண்டக்டர். பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடி முடிப்பதற்குள் கரடு பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கரண்டுக் கம்பி வந்த இடங்களில் அது குனிந்து போனதாகவும் சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

வழியிலிருந்த ஊர்களுக்கெல்லாம் அது திருவிழாவாகிவிட்டது. வீட்டு வாசலுக்கே சுனை வருகிறதென்று குடங்களோடு வந்தார்கள். பிள்ளைகள் ஏறிச் சறுக்கினார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. நினைவிருக்கட்டும், பின்னால் இருந்த மலைகளை அல்ல, எங்கள் கரட்டையே எடுத்தது. ஓர் ஊரில் பொதுவிடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டு, "இங்கேயே உக்காந்துருங்க சாமி" என்று கேட்டார்களாம். கரடு உட்காரவில்லை. அவர்கள் கூப்பிட்டது ஒரே தடவைதான், அதோடு அது ஏற்கெனவே ஒரு வீட்டுக்குக் கிளம்பியிருந்தது.

மங்கையர்க்கரசி மிதித்துக்கொண்டே வீட்டை நினைத்தார். கொல்லையில் இடம் போதுமா? போதாவிட்டால் வாய்க்கால் புறம்போக்கில் இருக்கட்டும். தெருவே வந்து பார்க்கும். உங்க வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்களாமே என்று கேட்டுக்கொண்டு படியேறும். தட்டுகளின் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும். அந்த ஊரில் யார் வீட்டுக்கும் வராத விருந்தாளி அவர் வீட்டுக்கு வருகிறார்.

நான்காம் நாள் மலை முடிந்து சமவெளி தொடங்குகிற இடத்தில், புளியந்தோப்பு ஒன்றில் கூடாரம் போட்டார்கள். அங்கேதான் ஒச்சம்மா அவர்களைப் பிடித்தாள். முதலில் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தாள். பிறகு சுனைக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் மங்கையர்க்கரசியிடம் வந்தாள்.

"நீங்கதான் கூப்புட்டதா?"

"ஆமாங்க. தப்பாங்க?"

"கூப்புடுறதுல என்னத்தா தப்பு. மூணு தடவ கூப்புட்டுட்டீக."

"மூணு தடவ கூப்புட்டாத்தானேங்க மரியாதை? எங்க பக்கம் அப்புடித்தான். யாரும் வர மாட்டாங்க."

"எங்க பக்கம் வந்துருவோம்" என்றாள் ஒச்சம்மா.

அவள் கோபப்படவில்லை. மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சுனையைக் காட்டினாள். நேற்றுக் குடம் நிறைந்த இடத்தில் இப்போது சொம்பு நிறையவில்லை. கரட்டின் புல் நுனியெல்லாம் பழுத்திருந்தது.

"கீழ்க்காத்து இதுக்கு ஆகாதுத்தா. இன்னும் ரெண்டு நாளு வெயில்ல நடந்தா ஊத்துக்கண்ணு மூடிக்கும். மூடுனா மூடுனதுதான். மேல எங்க அவரையெல்லாம் பூவும் பிஞ்சுமா நிக்குது, குடிக்கத் தண்ணி இல்ல. உங்க வீட்டுக்கு வந்து சேந்தாலும், வர்றது வெறுங்கல்லாத்தான் இருக்கும்."

"நீங்க கூப்புட்டா திரும்பி வராதாங்க?"

"விருந்துக்குக் கெளம்புனவகள நாங்க எப்படி மறிக்கிறது? கூப்புட்டவக சொன்னாத்தான் உண்டு."

மங்கையர்க்கரசி கரட்டருகே போய் அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அழுதார். வாழ்நாளெல்லாம் கூப்பிட்டு, வந்த ஒரே விருந்தாளி. அதையும் வாசலுக்கு வருமுன்னே திருப்பி அனுப்ப வேண்டும். ரத்தம் எடுக்கிற தொழிலில் அவர் கற்ற ஒன்று உண்டு. கொடுக்கிற உடம்பு தாங்குகிற அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காதர் மைதீனிடம் போனார்.

"பாய், இன்னைக்கு அடுப்ப எனக்குக் கொடுங்க. விருந்தாளிய வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது."

நாங்கள் தாம்பாளங்களோடு போய்ச் சேர்ந்தபோது தோப்பு முழுக்கத் தாளித்த வாசனை. சாதம், வத்தக்குழம்பு, அப்பளம், எங்கள் சீர் வந்ததும் எங்கள் பீன்ஸிலேயே ஒரு பொரியல். வீடு எங்கே என்று எங்களில் ஒருத்தர் விவரம் இல்லாமல் கேட்க, பிரிட்டோ மங்கையர்க்கரசியின் கூடாரத்தைக் காட்டி, "இதுதாங்க அக்கா வீடு" என்றான். கோயம்புத்தூர்த் தம்பதி அதன் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். சீரைக் கூடாரத்துக்குள் வைத்தோம். கரட்டுக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை விரித்து, நீர் தெளித்து, மங்கையர்க்கரசி தன் கையால் பரிமாறினார். பிறகுதான் எங்களுக்கு. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, வெக்கப்படாதீங்க" என்று அவர் ஒவ்வொரு இலைக்கும் குனிந்து குனிந்து வந்ததைப் பார்த்தபோது, இந்த அம்மா எத்தனை வருஷமாக இந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாரோ என்று நினைத்து, வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். சாப்பாடும், சொல்லத்தான் வேண்டும், பிரமாதம். நாங்கள் கைகழுவிவிட்டு வந்து பார்க்கையில் கரட்டின் முன்னால் போட்ட இலை, திருப்தியாகச் சாப்பிட்டவர் மடிப்பதுபோல், உள்பக்கமாக மடிந்திருந்தது.

மங்கையர்க்கரசி வெற்றிலை பாக்கு வைத்தார். பாறையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"இவ்ளோ தூரம் வந்தீங்க. எனக்கு அதுவே போதுங்க. பெரியவங்க நீங்க. இனிமே நீங்க அலையக் கூடாது. நான் வர்றேன்."

தோப்பில் இலை அசையவில்லை.

"நீங்க இருங்க. நான் வர்றேன்."

இரண்டு தடவை ஆயிற்று. இரண்டு தடவை என்பது ஆசைதான், இன்னும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதும் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை, கொல்லை காலி, தட்டுகள் அப்படியே. அவர் பாறைமேல் ஒட்டியிருந்த சருகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். எங்களில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மேலே அவரைச்செடி பூத்து நிற்கிறது, ஊரில் தண்ணீர் இல்லை, ஆனாலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. ஒச்சம்மா மட்டும் போய் அவர் பக்கத்தில் ஒட்டி நின்றாள்.

"கண்டிப்பா வர்றேங்க" என்றார் மங்கையர்க்கரசி.

ஆனால் வழி தெரியாத விருந்தாளியைத் தனியாக அனுப்ப முடியுமா? கொண்டுபோய் விட வேண்டும். ஐந்தாம் நாளோடு பயணம் முடிந்தது, கட்டிய பணம் அதுவரைதான், எல்லாரும் பஸ் ஏறலாம் என்று பிரிட்டோ சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் ஏறவில்லை. இறங்கிய மலையை மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை மங்கையர்க்கரசி முன்னால், கரடு அவர் பின்னால், அதன் பின்னால் பிரிட்டோவும் பிள்ளைகளும் ஜீப்பும், கடைசியில் காலித் தாம்பாளங்களோடு நாங்கள். சின்ன கியரில் போட்டுக்கொண்டு அவர் பேசிக்கொண்டே மிதித்தார். உச்சிக்கு உச்சி நின்று, பாட்டிலைத் திறக்காமல், சுனைக்காட்டின் கடைசிக் கிழவர் வந்து சேரும்வரை காத்திருந்தார். காற்று குளிரக் குளிரச் சுனையில் நீர் ஊறியது. வழி ஊர்களில் அதே குடங்களோடு மறுபடி வந்தார்கள், போய்ட்டு வந்தாச்சா, விருந்தெல்லாம் எப்படி என்று விசாரித்தார்கள்.

கரடு தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. முகம் மட்டும் கிழக்கே, நீடாமங்கலம் இருக்கிற திசையில். ஓஸை மறுபடி இணைத்தோம். அவரை பிழைத்தது. ஓரத்துப் பாத்திகள் கொஞ்சம் கருகின, அது போகட்டும்.

சொன்ன வாக்குப்படி மங்கையர்க்கரசி வருஷா வருஷம் வருகிறார். பிரிட்டோவின் பயணத்தில் அவர் பெயருக்கு ஓர் இடம் எப்போதும் உண்டு. கரட்டின் நிழலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

ஆனால் கதை அதோடு முடிந்தால் எங்களுக்கு மரியாதை இல்லை. முதல் தடவை கரட்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் கிளம்புகையில், பழக்க தோஷத்தில், என் கடை வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்து, "நீங்கள்லாம் ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க, வரணும், கண்டிப்பா வரணும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

தை பிறந்து, அவரை அறுப்பு முடிந்ததும், வேன் பிடித்துப் போனோம். ஒச்சம்மா, நான், காப்பிக்கொட்டைக் கட்சி, தேன் கட்சி, காதர் மைதீன், பிரிட்டோ, சென்னையிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட நிரஞ்சன். மேடே இல்லாத ஊர், எங்களில் பாதிப் பேருக்கு நடக்கவே கால் பழகவில்லை. ரத்தம் எடுக்கிற அம்மா வீடு எது என்று கேட்டபோது தெருவே வெளியில் வந்தது, வழி காட்ட வந்தவர்கள் அப்படியே எங்களோடு படியேறி உள்ளே வந்தார்கள். வந்த ஒவ்வொருவர் கையிலும் அவர் ஊசி குத்திய தடம் இருந்தது. அவர்களில் ஒருத்தரும் அதற்குமுன் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. மங்கையர்க்கரசி அலமாரி முன்னால் நின்று, நகத்தால் ஒவ்வொரு தட்டாக ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டிருந்தார். தட்டு போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிப்போய்த் தங்கள் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள்.

கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்பது அவருக்கு இப்போது தெரியும். அதனால் முன்னைவிட அதிகமாகவே கூப்பிடுகிறார்.